ஆலை யாருக்குப் பதில் சொல்லும்? சேர்வராயன் அடிவாரத்திலிருந்து ஓர் ஒப்பீடு

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மால்கோ (மெட்ராஸ் அலுமினியம்) ஆலைக்குப் போய் அலுமினியமாகிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நிறுவனத்தின் மேல் இரண்டு பக்கமிருந்து நெருக்குதல் வந்தது. 2007 அக்டோபர் 31 அன்று நார்வே நிதியமைச்சகம், தன் நாட்டு ஓய்வூதிய நிதியிலிருந்து வேதாந்தா, ஸ்டெர்லைட், மெட்ராஸ் அலுமினியம் ஆகிய மூன்று நிறுவனங்களையும் விலக்கியது. சுற்றுச்சூழல் கேடு, மனித உரிமை மீறல் என்று காரணம் சொன்னது. இன்னொரு பக்கம், சுரங்கத்துக்கு வேண்டிய அனுமதிகள் கைக்கு வரவில்லை. 2008 நவம்பரில் மேட்டூரில் அலுமினா உற்பத்தி நின்றது. நார்வே விற்ற பங்கை அடுத்த நாளே வேறொருவர் வாங்கிக்கொள்வார். பாக்சைட்டை அப்படி வேறொரு கடையில் வாங்கி ஆலையை ஓட்ட முடியாது. ஆலையை நிறுத்தியது அனுமதி கிடைக்காததுதான்.

ஆனால் அதே வளாகத்தின் 100 மெகாவாட் அனல்மின் நிலையம் பின்னர் வெளியாருக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. நிறுவனம் தொழிலை மாற்றிக்கொண்டது. அலுமினியத்தை நம்பியிருந்தவர்களுக்குத்தான் வேலை போனது. ஒரு நிறுவனத்தின் போக்கை மாற்ற நினைக்கும் யாரும் இந்த இரண்டு விளைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேலம் வட்டாரத்தில் இன்று கையில் இருக்கும் வழிகள் ஐந்து: அனுமதியைப் பிடிப்பது, பங்கு வாங்கிக் கேள்வி கேட்பது, பெரிய முதலீட்டாளருக்கு எழுதுவது, பொருளைப் புறக்கணிப்பது, தொழிற்சங்கம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் குழுக்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போகின்றன. எது எங்கே பலிக்கும் என்று முன்கூட்டியே எடைபோடத்தான் இந்தக் கட்டுரை.

உடைமையாளர் யார்?

சேலம் உருக்காலை அரசியலில் பிறந்த ஆலை. 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு அதைக் கேட்டு ‘எழுச்சி நாள்’ கொண்டாடியது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் உற்பத்தி தொடங்கியது. 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழு அதைத் தனியாருக்கு விற்கக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2019-ல் விருப்ப விண்ணப்பம் கேட்டார்கள். பின்னர் அந்த முயற்சி கைவிடப்பட்டது. எதிர்ப்பில் வெவ்வேறு கட்சிகளின் தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்றன. இந்த ஆலையின் தாய் நிறுவனமான செயில் நிறுவனத்தில் 65 சதவீதம் மத்திய அரசின் பங்கு. அதனால் அங்கே அசைக்க வேண்டிய இடம் நாடாளுமன்றமும் அமைச்சகமும். பங்குச் சந்தையால் அங்கே பெரிதாக ஒன்றும் ஆகாது.

பொதுத்துறை என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. செயில் நிறுவனத்திடமும், வெள்ளைக்கல் வெட்டும் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்திடமும் 10 ரூபாய் கட்டி நேரடியாகவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் ஆலை அந்தச் சட்டத்துக்குள் நேரடியாக வராது. அதன் காகிதங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கனிம வளத்துறை வழியாகக் கேட்க வேண்டும். ‘ஆலை என்ன செய்கிறது’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன ஆலைக்கு நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின்கீழ் கடைசியாக வழங்கிய இயக்க இசைவாணையின் நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பட்டியலிட்ட தனியார் நிறுவனமானால், காலாண்டு முடிந்து 21 நாளில் பங்குடைமை விவரம் பங்குச் சந்தையின் இணையதளத்தில் வந்துவிடும். உரிமைக் குடும்பம் எவ்வளவு, காப்பீட்டுக் கழகம் எவ்வளவு, வெளிநாட்டு நிதி எவ்வளவு என்று அதில் தெரியும். ஐந்து வழிகளில் எதைத் தேர்வது என்பதில் பாதி முடிவு அந்த ஒரு பக்கத்திலேயே கிடைத்துவிடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு இது பொருந்தாது. பெரும்பாலானவை தனிநபர் உடைமை அல்லது கூட்டாண்மை. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இடம் 1981-ல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம்.

நிறுவனத்துக்குக் கொள்கை உண்டா என்று கேட்பவர்கள், அது கட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. அதோடு, முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பை நீக்கிய 2017-ன் திருத்தமும் விழுந்தது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டத் தேவையில்லை என்ற திருத்தமும் விழுந்தது. எனவே இப்போது ஆண்டறிக்கையில் கம்பெனிகள் சட்டம் 182-ஆம் பிரிவின்கீழ் அந்த விவரம் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் அதுவே ஆண்டுக் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி.

அனுமதி வழி

சுரங்கம், பெரிய ஆலை, விரிவாக்கம் என்றால் எங்கள் பார்வையில் முதல் வழி இதுதான். நேரம் பிடிக்கும், சலிப்பூட்டும், ஆனால் நிற்கும்.

2006 செப்டம்பர் 14-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்பார். நடந்தது முழுதும் வீடியோவில் பதிவாகும்.

இங்கேதான் பெரும்பாலான இயக்கங்கள் தவறுகின்றன. கோபத்தில் கூட்டத்தைப் புறக்கணித்து வெளிநடப்பு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனையே கிடையாது. பத்து பேர் இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. எதிர்ப்பு ஏட்டில் ஏறாது. உள்ளே இருந்து, பெயர், ஊர் சொல்லி, ஒரு ஆட்சேபத்துக்கு ஒரு நிமிடம் என்று பேச வேண்டும். அதையே எழுத்தில் இரண்டு படிகள் தந்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆட்சியர் அன்றே அதில் கையெழுத்திட வேண்டும். வாசிக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது. விட்டுப்போன ஆட்சேபத்தை அப்போதே சொல்லிச் சேர்க்க முடியும். மறுநாள் முடியாது.

என்ன பேசுவது? ‘இயற்கையை அழிக்காதே’ என்பதற்கு அறிக்கையில் பதில் எழுத வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ‘வரைவறிக்கையில் இன்ன பக்கத்தில் ஓடை இல்லை என்றிருக்கிறது, கிராம வரைபடத்தில் இன்ன புல எண்ணில் ஓடைப் புறம்போக்கு இருக்கிறது’ என்று சொன்னால் பதில் எழுதியே ஆக வேண்டும். அதற்கு வரைவறிக்கை, கிராம வரைபடம், அ-பதிவேடு (புல எண்வாரியான நிலப் பதிவேடு) மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு வாரம் படிக்க இரண்டு பேர் வேண்டும். ஊரில் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அனுமதி கொடுத்தபின் வேலை இரண்டு வகை. ஒன்று, மேல்முறையீடு. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-ன் 16-ஆம் பிரிவில் 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தொண்ணூறு நாள் கடந்தால் தீர்ப்பாயமே நினைத்தாலும் திறக்க முடியாது. அனுமதி கிடைத்ததை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்யும். அந்த விளம்பரத்தைக் கவனிக்காமல் விட்டதாலேயே காலம் கடந்துபோன வழக்குகள் உண்டு. தினமும் விளம்பரப் பக்கம் பார்ப்பதை ஒருவரின் பொறுப்பாக்குங்கள். மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-ஆம் பிரிவு மனுவுக்கு, காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். பழைய மாசு என்றால் 15-ஆம் பிரிவில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்கலாம். அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் தொகையில் 1 சதவீதம். சேலத்துக்குரிய அமர்வு சென்னையில் இருக்கிறது.

இன்னொன்று, நிபந்தனைக் கண்காணிப்பு. அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். மாசு வாரிய இசைவாணை பெற்ற ஆலைகள் செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கையும் தர வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எண்கள் மோதும் இடம் தெரியும். ஆண்டறிக்கையின் சமூகப் பொறுப்பு இணைப்பையும் மூன்றாவதாக வையுங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலையை அந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்பது விதி. அனுமதி நிபந்தனையில் இருக்கும் மரம் நடுதல் அங்கேயும் செலவாகக் காட்டப்பட்டிருந்தால், அது எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் மாதிரி பற்றி ஒரு வார்த்தை. திருமணிமுத்தாற்றில் புளித்த நாற்றத்தோடு கழிவு வரும் அன்று பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சந்தேகத்தைக் காட்ட அது போதும். தண்டிக்கப் போதாது. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டால்தான் அது சாட்சியம். ஆகவே உங்கள் ஆய்வக முடிவை இணைத்து, ‘பிரிவு 21-ன்படி மாதிரி எடுக்கவும்’ என்று சேலம் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்துக்கொடுங்கள். கழிவு எந்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்பது ஊருக்குத்தானே தெரியும்.

மலைமேல் இன்னொரு பிடி இருக்கிறது: வன உரிமைச் சட்டம் 2006. ஒடிசாவின் நியமகிரி பாக்சைட் சுரங்க வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அதை அப்படியே சேர்வராயனுக்குக் கொண்டுவரலாம் என்று மேடையில் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒடிசாவின் அந்தப் பகுதி, பழங்குடிகளுக்கென்று அரசியல் சாசனம் தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை. இங்கே கையில் இருப்பது வன உரிமைச் சட்டம் மட்டும். 2022-ன் வனப் பாதுகாப்பு விதிகள், உரிமைகளைத் தீர்க்கும் பொறுப்பை மாநில அரசின் தலையில் வைத்துவிட்டதால் அந்தப் பிடியும் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது.

தளர்ந்தாலும் பயன்படும், முறையாகச் செய்தால். ஊராட்சிச் சட்டப்படி 501 முதல் 3,000 வரை மக்கள் உள்ள ஊராட்சியின் கிராம சபைக்கு 100 பேர் வந்தால் போதும். வன உரிமை விதிப்படி சபை உறுப்பினரில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நாகலூர், வாழவந்தி போன்ற ஊராட்சிகளில் குடியிருப்புகள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கூட்டம் வைத்தால் பாதிப்பேர் வர மாட்டார்கள். ஆகஸ்ட் 15 சபையில் நூறு கையெழுத்தோடு போட்ட தீர்மானத்தை வன உரிமைத் தீர்மானம் என்று நீட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வருகைப் பதிவேட்டைக் கேட்ட உடனே அது விழுந்துவிடும். தனிச் சபையைக் கூட்டுங்கள். பெண்களின் கையெழுத்துக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

பங்கு வழி

ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது பெரும்பாலும் செப்டம்பர் 30-க்குள், கூட்டம் நடக்கும். 21 நாள் முன்பு அழைப்பு வரும். வாக்களிக்கத் தகுதியைத் தீர்மானிக்கும் நாள் கூட்டத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் விழும் என்பதால் ஜூலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. இணையவழிக் கூட்டம் என்றால் பேச முன்பதிவு வேண்டும். அழைப்பிதழின் குறிப்புகளில் கடைசி நாள் இருக்கும். பதிவு செய்யாமல் நுழைந்தவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும். ஒரு நிபந்தனை எண், ஒரு தொகை, ஒரு தேதி: இதற்கு மேல் கேள்வியில் வேண்டாம்.

தீர்மானம் கொண்டுவருவது வேறு கதை. அதற்கு வாக்குரிமையுள்ள பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு கையில் வேண்டும். செயில் நிறுவனத்தின் பங்குகள் சுமார் 413 கோடி. பத்தில் ஒன்று என்றால் 41 கோடி பங்குகள். அமெரிக்காவில் 2021 மே மாதம் என்ஜின் நம்பர் ஒன் என்ற சிறு நிதி, எக்சான் மொபில் நிறுவனத்தின் 0.02 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. எக்சானில் உரிமைக் குடும்பம் என்று ஒன்று இல்லை. பெரிய நிதி நிறுவனங்கள் கைதூக்கியதும் கதை முடிந்தது. பாதிப் பங்கு ஒரே குடும்பத்திடமோ அரசிடமோ இருக்கும் நம் ஊரில் அதை எதிர்பார்ப்பது வீண். ஒரே விதிவிலக்கு, உரிமையாளரின் சொந்தக் கம்பெனிகளோடு செய்யும் பெரிய ஒப்பந்தம். அதில் தொடர்புடைய தரப்பு ஆதரித்து வாக்களிக்க முடியாது. வெளிப் பங்குதாரர் எண்ணிக்கைக்கு அங்கே மதிப்பு உண்டு.

எனவே இந்த வழியால் முடிவு மாறுவது அரிது. தகவல் வெளிவரும். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022–23 முதல் ஒன்பது கோட்பாடுகளின்கீழ் பொறுப்பு அறிக்கை வெளியிட வேண்டும். ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல். அதில் தண்ணீர் எடுத்த அளவு, கழிவின் அளவு, அபராதம் எல்லாம் எண்களாக இருக்கும். கூட்டத்தில் தலைவர் சொன்ன பதிலும் இந்த எண்ணும் தீர்ப்பாய மனுவில் இணைப்பாகப் போகும்போதுதான் பங்கு வாங்கிய காசுக்குப் பலன்.

வெளிநாட்டு நிதிகள்

நார்வே நிதியின் நெறிமுறைக் குழு, இங்கிலாந்துத் திருச்சபை போன்றவை தனிநபர் எழுதும் கடிதத்தையும் படிக்கும். திருச்சபை 2010-ல் வேதாந்தா பங்குகளை விற்றது. ஆனால் காற்று மாறுகிறது. டெக்சாஸ் மாநிலம் 2021-லேயே எரிபொருள் நிறுவனங்களை ஒதுக்கும் நிதிகளோடு அரசு அமைப்புகள் வணிகம் செய்யத் தடைச்சட்டம் போட்டது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக் 2025 ஜனவரியில் காலநிலைக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. அங்கே யார் ஆட்சிக்கு வருகிறார் என்பதைப் பொறுத்து இங்கே போட்ட கடிதத்தின் எடை கூடும், குறையும். மற்ற வழிகளில் சேர்ந்த ஆவணம் கையில் இருந்தால், இரண்டு பக்கக் கடிதம் ஒன்று போடலாம். அதற்கு மேல் உழைப்பைக் கொட்ட வேண்டாம்.

புறக்கணிப்பு

மாற்றுப் பொருள் அதே கடையில் இருந்தால் இது பலிக்கும், யார் கையில் எடுத்தாலும். 2020 அக்டோபரில் மதங்கடந்த திருமணத்தைக் காட்டிய விளம்பரத்தை எதிர்த்து எழுந்த கூச்சலில் தனிஷ்க் அதைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் தமிழக வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. முதலாவதை நாங்கள் கேடு என்றே கருதுகிறோம். இரண்டாவதன் நோக்கத்தோடு உடன்படுகிறோம். இரண்டிலும் இயங்கிய பொறி ஒன்றே என்பதை மறைக்க முடியாது: வாங்குபவர் அடுத்த ரகத்துக்கு நகர்ந்துவிட முடியும் என்ற பயம்.

சேலத்தின் கனரகத் தொழில்கள் கடைத்தெருவுக்கு வருவதில்லை. எஃகுச் சுருளையும் வெள்ளைக்கல்லையும் எந்தக் குடும்பமும் மளிகைப் பட்டியலில் எழுதாது. மிஞ்சுவது ஜவ்வரிசி. அதைப் புறக்கணித்தால் அடி முதலில் விழுவது குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயி மேல். மாவுச்சத்து பாயிண்ட் கணக்கில் ஆலை கொடுக்கும் விலை உடனே இறங்கும். ஆலைகள் வெளுப்புக்கு ரசாயனம் சேர்ப்பதற்கு ஒரு காரணம், வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் வாங்குவோம் என்ற வடநாட்டுச் சந்தையின் பிடிவாதம்.

அதனால் பொருளை மறுப்பதைவிடச் சோதிப்பது மேல். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில், வாங்கிய எவரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பிழை இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘இதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வாங்கிவந்த பொட்டலம் அந்தப் பிரிவின்கீழ் செல்லாது. சொன்னதற்கு ஒரு சாட்சியும், ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம்

கூலி, பாதுகாப்பு, தனியார்மயம் என்றால் இதற்கு ஈடில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையம் சிஐடியு சார்ந்த சங்கத்தைப் பதிவு செய்வதுதான். 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. பழைய பழக்கத்தில் ‘கூட்டு விடுப்பு’ போடுவோர் இதில் சிக்கிக்கொள்வார்கள். மாசுப் பிரச்சினையில் சங்கத்தை எதிரியாக்கிக்கொள்ளும் ஊர்க்குழுக்கள் பெரிய துணையை இழக்கின்றன. எந்தக் குழாய் எந்த இரவில் திறக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். ஆலையை மூடு என்பதற்குப் பதில் இந்த நிபந்தனையை நிறைவேற்று என்று கோரிக்கை இருந்தால் அவர் பேசுவார்.

கொடி

தூத்துக்குடியில் 2018 மே 22, 23 நாட்களில் பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 28-ல் அரசு ஸ்டெர்லைட் ஆலையை மூட ஆணையிட்டது. அந்த உயிர்கள் இல்லாமல் அந்த ஆணை வந்திருக்காது. ஆனால் 2020-ல் உயர் நீதிமன்றத்திலும் 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றத்திலும் ஆணை நின்றது, பல ஆண்டுகளாகப் பதிவான விதிமீறல்களின் மேல். தெருவில் திரண்டவர்களோடு, கோப்பு சேர்த்தவர்களும் அந்தத் தீர்ப்புக்கு வேண்டியிருந்தது.

கொடி கூட்டம் சேர்க்கும். அதே கொடி அடுத்த தெருவைப் பிரிக்கவும் செய்யும். செவ்வாய்ப்பேட்டை வணிகர், மலையாளிப் பழங்குடிக் குடும்பம், உருக்காலைத் தொழிலாளி மூவரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பதில்லை. மேடையில் அவரவர் கொடியோடு நிற்கட்டும். மனுவில் மட்டும் ஒரு கட்சிப் பெயரும் வேண்டாம். புல எண், நிபந்தனை எண், தேதி போதும். மனுதாரர் கட்சிப் பொறுப்பாளர் என்றால் ‘அரசியல் உள்நோக்கம்’ என்பதே எதிர்த்தரப்பின் முதல் பத்தியாக இருக்கும்.

சுரங்கமோ விரிவாக்கமோ என்றால் அனுமதி வழியில் தொடங்கி, ஜூலையில் ஒரு பங்கு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். உருக்காலை விற்பனை மறுபடி தலைதூக்கினால் சங்கமும் நாடாளுமன்ற உறுப்பினரும். ஜவ்வரிசி என்றால் 40-ஆம் பிரிவும் சேகோசர்வும். ஆற்றுக் கழிவு என்றால் 21-ஆம் பிரிவு மாதிரி, பிறகு தீர்ப்பாயம். எதுவானாலும் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: ஆலையின் இசைவாணை நகலையும் கடைசி இரண்டு இணக்க அறிக்கைகளையும் கேட்டு 10 ரூபாய் மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) போட்டுவிட்டு, முப்பதாவது நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது. பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.